எட்டு மணிக்கு முன்னால் சிவப்பு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது கேள்வி கேட்டால், அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் பதில் சரியாகவே இருக்கும் என்பதால் இருபத்தைந்து வருட வேலையில் யாரும் இதைத் திருத்த முயலவில்லை. முயன்றிருந்தால் அவர்களுக்கும் ஒரு பதில் சொல்லி அனுப்பியிருப்பேன்.

எங்கள் ஆபீஸ் சிங்கப்பூரில், ஜாலான் புசார் ரோட்டில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே ஆணி, திருகு, குழாய் விற்கும் கடை. பத்து மணிக்கு அங்கே குழாய் அறுக்க ஆரம்பித்தால் மாடியில் போன் பேச முடியாது. நாங்கள் ஏழு பேர், சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கு நோயாளிகளின் நேரத்தைப் பதிவு செய்யும் மென்பொருளை எழுதுகிறோம். அந்த ஏழு பேருக்கு நான் தலைமை.

ஒருவர் எழுதும் நிரல் சரியா தவறா என்று சொல்ல எங்களிடம் ஒரு கணினி உண்டு. பில்ட் மிஷின் என்போம். நாம் எழுதியதை அனுப்பினால் அது எல்லோருடைய நிரலோடும் சேர்த்துக் கட்டி, நானூறு ஐந்நூறு சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். எல்லாம் தேறினால் திரையில் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு.

சிவப்பு வாங்கியவர் மேசையில், நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் முள்பழம் உட்காரும். நிஜப் பழம் இல்லை, துணியில் தைத்துப் பஞ்சு அடைத்தது. அடுத்த ஆள் சிவப்பு வாங்கும் வரை அது அந்த மேசையை விட்டு நகராது. இந்த வழக்கத்தை ஆரம்பித்தவள் நான்தான். விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தேன். என் மேசைக்கு அது ஒரு முறைகூட வந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன வருடம் ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். பிள்ளைகளுக்காக எட்டு வருடம் வேலையை விட்டிருந்து மறுபடி வந்தவர். அந்த எட்டு வருட இடைவெளியைப் பார்த்துவிட்டுப் பல இடங்களில் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லையாம். எங்களிடம் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடியும்போது நான் ஒரு படிவத்தை நிரப்பி டைரக்டரிடம் கொடுக்க வேண்டும். என் கையெழுத்தைப் பொறுத்து அவருக்கு வேலை நிலைக்கும், அல்லது போகும்.

சின்ன மகனை ஏழு மணிக்குப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக ஆபீஸுக்கு வந்துவிடுவார். நாங்கள் ஒன்பதரைக்கு வந்து சேரும்போது அவர் இரண்டு மணி நேர வேலையை முடித்திருப்பார். நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். எழுதியதை அன்றைக்கே அனுப்ப மாட்டார். மறுநாள் காலையில் புதுக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்.

அப்படிப் படித்துப் பார்த்து அனுப்பியும் சிவப்பு விழுந்தது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விழும். பிறகு அவர் எதையோ மாற்றி மறுபடி அனுப்புவார், பச்சை ஆகும். நான் வந்து பார்க்கும்போது பதிவேட்டில் ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் அடுத்தடுத்து இருக்கும். முதலில் உடைக்கிறார், பிறகு ஒட்டுகிறார், அவசரக்காரி என்று நான் முடிவு கட்டினேன். டுரியான் அவர் மேசையிலேயே குடியேறிவிட்டது.

"என் லேப்டாப்ல எல்லாம் பாஸ் ஆகுது அக்கா. அங்க போனாத்தான் விழுது" என்று ஒரு நாள் சொன்னார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐந்தாவது மாதம் முடிந்தது. படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். அதற்கு முன்பே டைரக்டர் போனில் விசாரித்தபோது, "எனக்கு சந்தேகமா இருக்கு, வேண்டாம்னுதான் தோணுது" என்று சொல்லியும்விட்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் படிவத்தைத் திறந்து, 'அனுப்பும் முன் கவனமாகச் சரிபார்ப்பதில்லை' என்று எழுதினேன். அதற்குக் கீழே உதாரணம் கேட்டிருந்தது. உதாரணம் தேடத்தான் பழைய பதிவுகளுக்குள் போனேன்.

அவருடைய சிவப்புகள் மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றாகத் திறந்து, அடுத்து பச்சை வாங்குவதற்கு அவர் எதை மாற்றினார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு நாள் ஒரு பெயரை மாற்றியிருந்தார். ஒரு நாள் இரண்டு வரிகளை இடம் மாற்றியிருந்தார். ஆறாவதோ ஏழாவதோ வந்தபோது கை நின்றுவிட்டது. அதில் அவர் செய்திருந்த ஒரே மாற்றம், நிரலில் சும்மா கிடந்த ஒரு வெற்று வரியை அழித்தது. 7:38-க்கு சிவப்பு. வெற்று வரி போன பிறகு 8:12-க்கு பச்சை.

வெற்று வரியால் எந்தச் சோதனையும் தோற்காது, தேறவும் தேறாது. இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அப்படியென்றால் மற்ற முப்பதிலும் காக்கை எது, பழம் எது? படிவத்தை அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. இரக்கத்தால் ஒன்றும் நான் தேட ஆரம்பிக்கவில்லை. அந்த வெற்று வரி என்னைச் சீண்டிவிட்டது, அவ்வளவுதான்.

அன்றும் மறுநாளும் இதே வேலையாக இருந்தேன். தவறிய சோதனைகளைப் பார்த்தேன். அதே பத்துப் பன்னிரண்டு சோதனைகள்தான் திரும்பத் திரும்பத் தவறியிருந்தன. அவர் தொட்ட பகுதிக்கும் அவற்றுக்கும் பாதி நாள் சம்பந்தமே இல்லை. மிஷினில் இடம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தேன், தீரவில்லை. பழைய கோப்புகளை எல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டச் சொன்னேன், பச்சை. அவர் காலையில் அனுப்பிச் சிவப்பு வாங்கிய அதே நிரலை, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், மத்தியானம் நானே ஓட்டினேன். பச்சை. இன்னும் ஐந்து பழைய சிவப்புகளை எடுத்து ஓட்டினேன். ஐந்தும் பச்சை.

பழையதை மறுபடி ஓட்டும் பொத்தான் எனக்கு மட்டும்தான் உண்டு. மற்றவர்கள் எதையாவது மாற்றினால்தான் மறுபடி அனுப்ப முடியும். அந்த வெற்று வரியை அவர் ஏன் அழித்தார் என்று அப்போதுதான் விளங்கியது. வேறு மாற்ற எதுவும் இல்லாமல் அழித்திருக்கிறார்.

புதன்கிழமை மத்தியானம், முப்பத்தொரு சிவப்புகளும் விழுந்த நேரத்தை வெள்ளைப் பலகையில் வரிசையாக எழுதினேன். 7:26, 7:41, 7:33, 7:52 என்று போய்க்கொண்டே இருந்தது. எங்கள் ஆபீஸில் சோதனைப் பிரிவைப் பார்ப்பவர் ஒரு பாய். தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிய குடும்பம். கையில் தே ஓ என்னும் பால் இல்லாத தேநீர்க் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார்.

"என்னா தலைவி, யாருக்கு ஜாதகம் எழுதுறீங்க?"

"சிவப்பு விழுந்த நேரம் பாய். அத்தனையும் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல."

"அப்ப ராகு காலம் லா. அந்த நேரத்துல லேப்டாப்பைத் திறந்தா எப்படி வெளங்கும்?"

கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த நிலைமையில் நான் எதையும் விடுவதாக இல்லை. எங்கள் சமையல் மூலையில், சிராங்கூன் ரோடு மளிகைக் கடை ஒன்று தந்த தினசரி காலண்டர் தொங்குகிறது. போய்ப் பார்த்தேன். திங்கள்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய்க்கு மூன்று முதல் நாலரை. புதனுக்குப் பன்னிரண்டு முதல் ஒன்றரை. திங்கள் மட்டும் ஏதோ ஒட்டியது, மற்ற நாளெல்லாம் ஒட்டவே இல்லை.

"ராகு தப்பிச்சுட்டார் பாய்" என்றேன்.

பாயும் வந்து காலண்டரை உற்றுப் பார்த்தார். "அது சரி, இதுல போட்டிருக்கிறது எந்த ஊரு மணி?"

சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் அது முப்பது வருடச் சண்டை. சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது. ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்து ஊரில் கணக்கிட்ட ராகு காலத்தை அப்படியே எடுத்துக்கொள்வதா, ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்வதா என்று அம்மாவுக்கும் சித்திக்கும் இன்னும் முடிவாகவில்லை. அம்மா தள்ளுவார், சித்தி தள்ள மாட்டார். எங்கள் வீட்டுக் கல்யாண நாட்களில் இரண்டு பேருக்கும் பொதுவாக, யாருமே வாசலைத் தாண்ட முடியாத இரண்டரை மணி நேரம் உண்டு.

இதைச் சொன்னதும் பாய் சிரிக்கவில்லை. "எங்களுக்கு அதுல சண்டையே வராது. தொழுகை நேரம் ஊருக்கு ஊரு மாறும். நாகப்பட்டினத்துல மத்தியான லுஹர் பன்னெண்டே காலுக்கு வந்துடும், இங்க ஒரு மணி தாண்டணும். ஊரைச் சொல்லாம மணியை மட்டும் சொன்னா அது பாதிதான்" என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கழுவப் போனார்.

நான் பலகைக்குத் திரும்பி வந்தேன். 7:26, 7:41, 7:33. இதெல்லாம் எந்த ஊர் மணி? என் திரை காட்டியது, ஆகவே சிங்கப்பூர் மணி. சரி, அந்த பில்ட் மிஷினுக்கு அப்போது மணி என்ன?

முன்பு அந்த மிஷின் என் மேசைக்கு அடியில்தான் இருந்தது. அதன் விசிறிச் சத்தம் தாங்காமல், ஒன்றரை வருடத்துக்கு முன் அதை எடுத்துவிட்டு, வெளியே ஒரு கம்பெனியில் மிஷின் வாடகைக்கு எடுத்தேன். ஒரே மத்தியானத்தில் நானே மாற்றி அமைத்தேன். வாடகை மிஷின் இருக்கும் கட்டடமும் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. அதனால் மணியைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

மிஷினுக்குள் போய் மணி கேட்டேன். சுவர்க் கடிகாரத்தில் மத்தியானம் மூன்று பத்து. மிஷின் காலை ஏழு பத்து என்றது. இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதையே சொன்னது.

நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்த மாதிரி மிஷின்கள் உலகப் பொது நேரத்தில் ஓடும். சிங்கப்பூர் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால். நமக்குக் காலை எட்டு அடிக்கும்போதுதான் அதற்கு நள்ளிரவு தாண்டித் தேதி மாறும். அதுவரை அந்த மிஷினுக்கு நேற்றுதான். எங்கள் சோதனைகளில் பத்துப் பன்னிரண்டு இப்படி இருக்கும்: இன்றைக்கு ஒரு நோயாளியைப் பதிவு செய், இன்றைய பட்டியலில் அவர் இருக்கிறாரா என்று பார். மென்பொருள் எப்போதும் சிங்கப்பூர் தேதியைப் பார்க்கும். சோதனை மட்டும் 'இன்று' எது என்பதை மிஷினிடம் கேட்டது. காலை எட்டு மணிக்கு முன்னால் ஓட்டினால் நோயாளி நேற்றில் பதிவாகி, இன்றைய பட்டியலில் காணாமல் போவார். சிவப்பு.

எங்களில் யாரும் அந்த நேரத்தில் வேலை செய்வதில்லை. ராத்திரி வேலை கூடாது என்பது என் சட்டம். ஆக, அந்த மிஷினின் நேற்றைக்கும் நம்முடைய இன்றைக்கும் நடுவில், எட்டு அடிக்கும் முன் அனுப்பிய நாளெல்லாம், வந்து மாட்டிக்கொண்டவர் ஒருவர்தான். கவனமாக மறுபடி படித்துப் பார்த்துவிட்டு அனுப்பிய ஒரே ஆள்.

அந்தச் சோதனைகளை எழுதியது யார் என்று பார்த்தேன். நான்தான். கூடம் நிஜமாகவே கோணல், கட்டியவள் நான்.

எனக்கு அப்போது வந்தது சந்தோஷம்தான், மறைக்கப் போவதில்லை. இரண்டு நாள் என்னைச் சுற்றவிட்ட புதிர் அவிழ்ந்துவிட்டது. அவர் நாலு மணிக்குக் கிளம்பும்போது, "நாளைக்குக் காலையில நானும் வர்றேன். நான் வர்ற வரைக்கும் எதையும் அனுப்பாதீங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. நேரில் நின்று தவறு பிடிக்க வருகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

வியாழக்கிழமை வீட்டிலிருந்து நடந்தே போனேன். சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் அப்போதுதான் மல்லிகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வானம் இன்னும் சரியாக வெளுக்கவில்லை. ஆபீஸ் மாடியில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. அவர் டுரியானைக் கையில் எடுத்து, முள்ளுக்கு முள் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

நேற்று மாலை பச்சை வாங்கிய நிரலை, எதையும் தொடாமல், 7:31-க்கு ஓட்டினேன். சிவப்பு. அவர் திரையையே பார்த்தார். இரண்டு பேரும் காத்திருந்தோம். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு அதையே மறுபடி ஓட்டினேன். பச்சை.

நான் பரபரவென்று விளக்கினேன். மிஷின், தேதி, நேற்று, இன்று, எட்டு மணி நேரம். அவர் கடைசி வரை கேட்டார். "அப்ப என்னோட கோட்ல தப்பு இல்லையா அக்கா?" என்றார்.

"ஒரு நாள்கூட இல்ல."

"முப்பத்தொண்ணுலயும்?"

அவர் எண்ணி வைத்திருந்தார். "முப்பத்தொண்ணுலயும்" என்றேன். எழுந்து கழிப்பறைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார். என் சந்தோஷம் எல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது. ஐந்து மாதமாக ஒரு மனுஷிக்குத் தன் கண் மீதே நம்பிக்கை போகும்படி செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில் மிஷினின் மணியைச் சிங்கப்பூர் மணியாக்கினேன். சோதனைகளையும் திருத்தினேன். படிவத்தில் எழுதியிருந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். டைரக்டரிடம் போனில் சொன்ன வார்த்தையைப் போனிலேயே திரும்ப வாங்குவது சரியாகப் படவில்லை. அவர் ஆபீஸ் தஞ்சோங் பகாரில். ரயில் பிடித்துப் போனேன்.

"உங்க தப்புக்கு அவங்களை வேண்டாம்னு சொன்னீங்களா?" என்று டைரக்டர் கேட்டார்.

ஆமாம் என்றேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் முந்திக்கொள்ளவில்லை. அவர் படிவத்தை முழுக்கப் படித்தார், கையெழுத்துப் போட்டார்.

மூன்றரைக்குத் திரும்பி வந்து, வேலை நிலைத்த விஷயத்தை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. பேச்சை மாற்ற, "இத்தனை மாசத்துல நீங்க எதையெல்லாம் சந்தேகப்பட்டீங்க?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளவும் ஆசையாக இருந்தது.

கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மகனுடைய பழைய கணக்கு நோட்டு, மிச்சத் தாள்களில் இவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு வரி. பார்த்து முடித்து, அது இல்லை என்று தெரிந்ததும் ஸ்கேல் வைத்து நேர்கோடாக அடித்திருந்தார். ஐந்து பக்கம் போனது. இடம் தீர்ந்துவிட்டதா, பழைய கோப்பா, சோதனைகள் ஓடும் வரிசையா. நான் இரண்டு நாளில் பார்த்ததையெல்லாம் அவர் மாதக்கணக்காக வெளியிலிருந்தே பார்த்திருக்கிறார்.

முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். அவர் சேர்ந்த இரண்டாவது வாரத்துத் தேதி. முதல் வரி: 'பில்ட் மிஷினில் ஓடுவது சிங்கப்பூர் மணியா?' பக்கத்தில்: 'அக்காவிடம் கேட்டேன். ஆமாம்.' அதன் மேல் ஸ்கேல் வைத்து அடித்த கோடு.

எனக்கு நினைவே இல்லை. "எப்பக் கேட்டீங்க?"

"நீங்க மீட்டிங்குக்கு எறங்கிட்டு இருந்தீங்க அக்கா. படிக்கட்டுல வச்சுக் கேட்டேன். சிங்கப்பூர்ல இருக்கிற மிஷின் சிங்கப்பூர் மணி ஓடாம சிகாகோ மணியா ஓடும்னு சொன்னீங்க."

அது என் வாக்கியம்தான். வேறு யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

"நீங்களே ஒரு தடவை பாத்திருக்கலாமே."

"உள்ள போக எனக்கு பர்மிஷன் இல்லையே. அப்புறம், நீங்களே சொன்னதுக்கு மேல என்னன்னு அடிச்சுட்டேன்."

டுரியானை எடுத்து என் மேசையில் வைத்தேன். பாய் தன் இடத்திலிருந்தே பார்த்தார், கிண்டல் எதுவும் செய்யவில்லை. பிறகு உட்கார்ந்து, மிஷினுக்குள் போகும் அனுமதியை அந்தப் பெண்ணுக்கும் மற்ற ஐந்து பேருக்கும் கொடுத்தேன்.

"மணியை நான் காலையிலேயே சரி பண்ணிட்டேன்" என்றேன்.

நாலு மணி ஆக ஐந்து நிமிடம்தான் இருந்தது. பையைத் தோளில் மாட்டியிருந்தவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். முதல் தடவையாக மிஷினுக்குள் போனார், மணி கேட்டார். அது சொன்னதைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.